இலைக்கனும் உரோமக் கடல்நாயும்: பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு "ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரண்டு அங்கிகளை ஒப்பிடுக" என்று ஒப்படை கொடுத்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பனையையும் பசுவையும் எழுதிக்கொண்டு வருவார்கள். அதனால் மரப்பட்டையில் ஒட்டி வளரும் இலைக்கன், கடலில் வாழும் உரோமக் கடல்நாய் என்று நானே இரண்டைத் தெரிவு செய்து கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளில் இருந்து கேள்விக்கு மேல் கேள்வி. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன், பெற்றோர் கேட்டவையும் இருக்கின்றன.

சேர், எத்தனையோ உயிர்கள் இருக்க ஏன் இந்த இரண்டு?

ஒன்று உங்கள் வளவு மாமரத்திலேயே இருக்கிறது, நீங்கள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. மற்றது நம் கடலில் வாழ்வதே இல்லை, ஆனால் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது ஒரு காரணம். பெரிய காரணம் கீழே வரும்.

இலைக்கன் என்றால் சரியாக என்ன? எங்கே பார்க்கலாம்?

ஒரு பங்கசும் (பூஞ்சை) ஒரு அல்காவும் (ஒளித்தொகுப்புச் செய்யும் எளிய உயிர்) சேர்ந்து வாழும் உடல். சிலவற்றில் அல்காவுக்குப் பதிலாகச் சயனோபற்றீரியா என்ற ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும். பங்கசு வீட்டைக் கட்டும், அல்கா ஒளித்தொகுப்புச் செய்து சீனி கொடுக்கும். இதை 1860களின் கடைசியில் சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் சிமோன் ஷ்வெண்டனர் சொன்னபோது அந்தக் காலத்து இலைக்கன் நிபுணர்களில் கனபேர் ஏற்கவில்லை. தாங்கள் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த உயிர் ஒன்றல்ல, இரண்டு என்று ஒருவர் வந்து சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்புறம் 2016இல் இன்னொரு திருப்பம். பல இலைக்கன்களின் மேற்தோலில் மதுவம் (ஈஸ்ட்) போன்ற இரண்டாவது பங்கசு ஒன்றும் இருக்கிறது என்று டோபி ஸ்பிரிபில்லும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஆகவே "இரண்டு பேர் கூட்டு" என்று பாடப்புத்தகத்தில் இருப்பது தொடக்கம் மட்டும்தான்.

பார்க்க வேண்டுமென்றால் தூரம் போகத் தேவையில்லை. பழைய மாமரத்தின் அல்லது தென்னையின் அடிமரத்தில், வெயில் படுகிற பக்கத்தில், சாம்பல் கலந்த வெள்ளையாக வட்டம் வட்டமாக ஒட்டிக்கிடக்கும். நகத்தால் எடுக்க முடியாத அளவுக்குப் பட்டையோடு ஒன்றாகிப் போனவையும் உண்டு, ஓரம் மடல் மடலாகப் பிரிந்து நிற்பவையும் உண்டு. கைவில்லையால் பாருங்கள். மடல் உள்ளவற்றில் பலவற்றின் நடுவில் தூள் தூளாக ஏதோ தெரியும். அந்த ஒவ்வொரு தூளும் சில அல்காக் கலங்களைப் பங்கசு இழை சுற்றிக் கட்டிய சின்னப் பொதி. காற்றோ மழையோ எறும்போ அதைக் கொண்டுபோய் இன்னொரு மரத்தில் விட்டால் அங்கே புதிய இலைக்கன் தொடங்கும்.

இப்போது அந்த வட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சோழகக் காற்றில் காய்ந்து கிடக்கிற ஆனி, ஆடியில் செய்தால் இன்னும் நல்லது. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் மங்கிப் பச்சை எழும்பி வரும். காய்ந்திருக்கும்போது மேற்தோல் ஒளியைச் சிதறடிக்கிறது, நனைந்ததும் ஒளி ஊடுருவக் கூடியதாகிவிடுகிறது, உள்ளே இருந்த அல்கா தெரிகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அது வேலையையும் தொடங்கிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

(மதில்களில் மழைத்தண்ணீர் வழிந்த இடத்தில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் தனித்து வாழும் சயனோபற்றீரியா. அதை இலைக்கன் என்று படம் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.)

மாமரத்துக்கு அது வருத்தமா? அப்பா சுண்ணாம்பு பூசச் சொல்கிறார்.

இல்லை. அது மரத்தில் இருந்து சாப்பாடு எடுப்பதில்லை, இருக்க இடம் மட்டும் எடுக்கிறது. நோயாளி மரத்தில் அதிகம் தெரிவதால்தான் இந்தப் பழி. மரம் நலிந்து இலை குறைந்தால் அடிமரத்துக்கு வெயில் கூடுதலாகக் கிடைக்கும், அதனால் இலைக்கன் செழிக்கும். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பிடித்துவிடுகிறோம். அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

உரோமக் கடல்நாய் என்பது மன்னார்ப் பக்கம் இருக்கும் கடற்பசுதானே?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பம் ஒவ்வொரு வருடமும் வருகிறது. கடற்பசு கடற்புல் மேய்கிற சாது, யானையின் தூரத்து உறவு, கரைக்கு ஏறவே மாட்டாது. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணைப் பக்கத்திலும் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தமிழ்நாடு 2022இல் அதற்கென்று பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர்க் கடலை ஒதுக்கியது.

கடல்நாய் ஊனுண்ணி வரிசை. நாய், கரடி, மரநாய் இவற்றின் பக்கம். மீன், கணவாய், அந்தாட்டிக்காப் பக்கமென்றால் கிறில் எனப்படும் இறால் போன்ற சிறு உயிர்கள், இவைதான் சாப்பாடு. கடல்நாய்களுக்குள்ளும் இரண்டு பெரிய பிரிவு உண்டு. "உண்மைக் கடல்நாய்" என்று சொல்லப்படுபவற்றுக்கு வெளிக்காது இல்லை, தரையில் வயிற்றால் உந்தி உந்திப் போகும். உரோமக் கடல்நாய்க்குச் சின்னதாக வெளிக்காது உண்டு, பின்துடுப்புகளை முன்பக்கம் மடக்கி நான்கு காலில் நடக்கும், பாறையில் ஓடக்கூடச் செய்யும். மொத்தம் ஒன்பது இனங்கள். இலைக்கன்கள் ஏறக்குறைய 20,000 இனங்கள்.

ஒன்று தாவரம், ஒன்று விலங்கு என்று எழுதினால் போதாதா?

எழுதினால் புள்ளி போய்விடும். இலைக்கன் தாவரம் இல்லை. அதற்கு வைக்கிற விஞ்ஞானப் பெயர் அதிலுள்ள பங்கசின் பெயர்தான், அல்காவுக்குத் தனிப்பெயர் உண்டு. பங்கசுகளோ தாவரங்களை விட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய உறவு. கலச்சுவரில் இருப்பது நண்டின் ஓட்டில் இருக்கும் அதே கைற்றின். ஆகவே பனையில் ஒட்டியிருக்கும் இலைக்கனின் பங்கசுக்கு, அந்தப் பனையை விட எங்கேயோ தென்கடலில் நீந்தும் கடல்நாய் கிட்டிய சொந்தம். இதை வகுப்பில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, ஆனால் பரம்பரையலகுத் தரவுகள் அப்படித்தான் சொல்கின்றன.

யாழ் பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்கு ஒரு துறை, விலங்கியலுக்கு ஒரு துறை. இலைக்கனைப் பழக்கதோஷத்தில் தாவரவியலில்தான் படிப்பிக்கிறார்கள், உலகம் முழுக்க அப்படித்தான்.

சரி, ஒரே ஒரு வித்தியாசம்தான் எழுதலாம் என்றால் எதை எழுதுவது?

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. நிறம், பருமன், கால் உண்டு இல்லை என்று பதினைந்து வரி அட்டவணை போடுவதை விட இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் போதும்: சூழல் மோசமானால் உடல் என்ன செய்கிறது?

மின்வெட்டு நேரத்தில் நம் ஊர்க் கடைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கடைக்காரர் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார், மின்சாரம் வந்ததும் திறப்பார். வருமானம் இல்லை, செலவும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேற்றரைப் போட்டு விளக்கு, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் ஓட விடுவார், ஆனால் டீசலுக்குக் காசு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், டீசல் முடிந்தால் உள்ளே இருக்கிற சாமான் எல்லாம் பழுது.

இலைக்கன் முதலாமவர். தண்ணீரைச் சேமித்து வைக்க வேரும் இல்லை, நீர் போகாமல் தடுக்க மெழுகுப் படையும் இல்லை. சூழல் காய்ந்தால் தானும் காய்ந்துவிடும், உடல் நீர் பத்து வீதத்துக்கும் கீழே போய் எல்லா வேலையும் நின்றுவிடும், ஆனால் சாகாது. நனைந்தால் சில நிமிடங்களில் திரும்பவும் மூச்சு, திரும்பவும் ஒளித்தொகுப்பு. நீங்கள் மாமரத்தில் பார்த்தது அதைத்தான்.

உரோமக் கடல்நாய் இரண்டாமவர். வெளியே கடல் பூச்சியம் பாகைக்குக் கிட்ட இருந்தாலும் உள்ளே 37 பாகைக்குக் கிட்ட வைத்திருக்க வேண்டும். வெளியே என்ன நடந்தாலும் உடலின் உள்நிலையை மாறாமல் வைத்திருப்பதைப் பாடத்தில் ஒருசீர்த்திடநிலை என்று படித்தீர்களே, அதற்கு விலை உண்டு. அந்த விலை சாப்பாடு. அந்தாட்டிக்க உரோமக் கடல்நாய்த் தாய் குட்டி போட்டு ஒரு கிழமை அளவில் கடலுக்குப் போகும், நாட்கணக்கில் இரை தேடிவிட்டு ஒன்றிரண்டு நாள் கரைக்கு வந்து பால் கொடுக்கும், மறுபடியும் போகும். நாலு மாதம் இப்படி. பாலில் ஏறக்குறைய 40 வீதம் கொழுப்பு, நம் பசுப்பாலில் நாலு வீதம் அளவில்தான். கிறில் குறைந்த வருடத்தில் தாய் திரும்பி வரத் தாமதமாகும், குட்டி கரையில் பட்டினி கிடக்கும், கன குட்டிகள் செத்துப்போகும். இலைக்கனுக்கு மோசமான வருடம் என்றால் அந்த வருடம் வளராது, அவ்வளவுதான்.

பூட்டிவிட்டுப் போகிற வசதிக்கும் விலை உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாறைகளில் ஒட்டி வளரும் பல இலைக்கன்கள் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் கூட வளர்வதில்லை. கடல்நாய்க் குட்டி சில மாதத்திலேயே தானாக நீந்திப் போய் இரை பிடிக்கும்.

உரோமம் அவ்வளவு முக்கியமா? திமிங்கிலத்துக்குக் கொழுப்புத்தானே?

உண்மைக் கடல்நாய்கள் தடித்த கொழுப்பில் தங்கியிருக்கின்றன. உரோமக் கடல்நாய்க்குக் கொழுப்பு அவ்வளவு தடிப்பில்லை, அது நம்பியிருப்பது இரண்டு அடுக்கு உரோமத்தை. மேலே முரடான நீள மயிர், கீழே மிக நெருக்கமான மென்மயிர். மென்மயிருக்குள் காற்று பிடிபட்டிருப்பதால் தோல் வரை தண்ணீர் போகாது. வட பசுபிக் இனத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 46,000 அளவில் மயிர்கள். மனிதத் தலை முழுக்க ஏறக்குறைய ஒரு இலட்சம்தான், அதாவது உங்கள் தலைமுடி மொத்தமும் அதன் முதுகில் இரண்டு சதுர சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்.

துடுப்புகளில் மட்டும் மயிர் இல்லை. குளிர்ந்தால் ஒரு முன்துடுப்பையும் பின்துடுப்புகளையும் தண்ணீருக்கு வெளியே தூக்கி ஒன்றோடொன்று சேர்த்து வைத்துக்கொண்டு மிதக்கும். வெப்பம் கூடினால் கரையில் அதே துடுப்பை விசிறும்.

இரண்டும் ஒரே இடத்தில் இருக்குமா?

இருக்கும். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையில் நமீபியா. அங்கே ஸ்வாகோப்முண்ட் என்ற ஊருக்கு வடக்கே 120 கிலோமீற்றர் அளவில் கேப் குறொஸ் என்ற முனை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் அங்கே கற்சிலுவை ஒன்றை நட்டுவிட்டுப் போனதால் வந்த பெயர். அதே போர்த்துக்கேயர்தான் 1619இல் நம் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள், அது வேறு கதை. கேப் குறொஸில் கேப் உரோமக் கடல்நாய்கள் பல்லாயிரமாகக் கூடிக் கிடக்கின்றன. உரோமக் கடல்நாய்களில் பெரிய இனம் இதுதான், ஆண்கள் 300 கிலோவையும் எட்டும். கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும் காலம். குட்டிகளைப் பிடிக்கக் குள்ளநரிகளும் பழுப்புக் கழுதைப்புலிகளும் சுற்றித் திரியும். நாற்றம் தாங்காது என்று போய் வந்த எல்லோரும் சொல்கிறார்கள்.

அதே கரையோரம், கடலுக்குச் சற்று உள்ளே, மழையே அரிதான நமீப் பாலைவனத்தில் இலைக்கன் வெளிகள் இருக்கின்றன. மரம் இல்லை, புல் இல்லை, சரளைத் தரை முழுக்கச் செம்மஞ்சளாகவும் சாம்பலாகவும் கறுப்பாகவும் இலைக்கன்.

காரணம் என்னவென்றால் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம். அது ஆழத்தில் இருந்து சத்தான நீரைக் கொண்டுவருவதால் மீன் பெருகுகிறது, மீன் பெருகுவதால் கடல்நாய் பெருகுகிறது. அதே குளிர்நீருக்கு மேலே வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகி விடியப்புறம் கரைக்குள் நுழைகிறது, அந்தப் பனியை இலைக்கன் உறிஞ்சிக் காலை வெயில் ஏறும்வரை ஒளித்தொகுப்புச் செய்துவிட்டு மிச்ச நாள் முழுக்க உலர்ந்து கிடக்கிறது. ஒரே நீரோட்டம் இரண்டுக்கும் சோறு போடுகிறது, ஆனால் ஒன்று வாங்குவது மீனாக, மற்றது வாங்குவது பனியாக. அந்த வெளியில் ஒரு வாகனம் ஓடினால் ரயர்த் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. இலைக்கன் திரும்பி வளர அவ்வளவு காலம் எடுக்கும்.

இன்னொரு இடம் சிக்னி தீவு, அந்தாட்டிக்காப் பக்கம், தென் ஓர்க்னித் தீவுகளில் ஒன்று. இங்கே கதை அவ்வளவு சுமுகமில்லை. 1970களின் பிற்பகுதியில் இருந்து உரோமக் கடல்நாய்கள், பெரும்பாலும் இளம் ஆண்கள், கோடையில் அங்கே கரையேறத் தொடங்கின, பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. பாசிப் படுக்கைகளுக்கும் இலைக்கன்களுக்கும் மேலே ஏறிப் படுத்து உருண்டு மிதித்தன, கழிவில் இருந்த நைதரசன் மண்ணை மாற்றிவிட்டது. அதைத் தாங்காத இலைக்கன்கள் அழிந்தன, கழிவை விரும்புகிற ஒரு பச்சை அல்கா பரவியது. எல்லா இலைக்கனும் நைதரசனை வெறுப்பதில்லை, பறவைகள் குந்தும் பாறைகளில் செம்மஞ்சள் இலைக்கன்கள் எச்சத்தில்தான் செழிக்கின்றன. ஆனால் சிக்னியில் இழப்புத்தான் அதிகம்.

அந்தக் கடல்நாய்கள் ஏன் திடீரென்று வந்தன என்று கேட்டால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

மனிதர்கள் இவற்றை என்ன செய்தார்கள்?

கடல்நாயைக் கொன்றார்கள். 1775இல் கப்டன் குக் தென் ஜோர்ஜியாத் தீவில் இறங்கி அங்கே கடல்நாய் நிறைய இருப்பதை எழுதினார், அந்தச் செய்தி பரவியதும் உரோம வியாபாரிகளின் கப்பல்கள் படையெடுத்தன. தோலில் பெரும்பகுதி சீனாவின் கன்ரன் சந்தைக்குப் போனது. 1825இல் ஜேம்ஸ் வெடல் என்ற மாலுமி, அந்த ஒரு தீவில் இருந்து மட்டும் 12 இலட்சம் தோல் எடுக்கப்பட்டிருக்கும் என்று கணக்குச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அந்த இனம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1930களில் பக்கத்துப் பேர்ட் தீவில் சின்னக் கூட்டம் ஒன்று தப்பியிருந்தது தெரிந்தது. அதில் இருந்து திரும்பவும் பல இலட்சமாகப் பெருகி, இடம் போதாமல் தெற்கே பரவியதில்தான் சிக்னி மாட்டிக்கொண்டது.

வடக்கில் ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா நாலும் சேர்ந்து 1911இல் ஒப்பந்தம் போட்டுக் கடலில் வைத்து வேட்டையாடுவதைத் தடுத்தன. காட்டுயிர் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச ஒப்பந்தங்களில் அது ஒன்று. நமீபியாவில் வேட்டை அனுமதியோடு இன்றும் நடக்கிறது. 2023இன் கடைசியில் தென் ஜோர்ஜியாவுக்குப் பறவைக் காய்ச்சலும் போய்ச் சேர்ந்தது, கடல்நாய்களிலும் அது உறுதிசெய்யப்பட்டது.

இலைக்கனுக்கு இவ்வளவு பெரிய சரித்திரம் இல்லை, ஆனால் உங்கள் கையில் இருக்கிறது. ஆய்வுகூடத்துப் பாசிச்சாயத்தாளின் சாயம் ரொசெல்லா போன்ற இலைக்கன்களில் இருந்து, அமோனியாவில் ஊறவைத்து, எடுக்கப்பட்டது. அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம் என்று எட்டாம் வகுப்பில் இருந்து பாடமாக்குகிறீர்களே, அது இதுதான். இன்னொரு வேலை காற்றைச் சோதிப்பது. கந்தகவீரொட்சைட்டு உள்ள நகரக் காற்றில் பல இலைக்கன்கள் வாழாது. 1866இலேயே நைலாண்டர் என்பவர் பாரிஸ் நகரத்து மரங்களைப் பார்த்து இதைக் குறித்துவைத்தார்.

எது அதிக காலம் வாழும்?

போட்டியே இல்லை. உரோமக் கடல்நாய்ப் பெண்கள் இருபது வயதைத் தாண்டலாம், ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் இடம் பிடிக்கச் சண்டை பிடித்து, சாப்பிடாமல் கிடந்து, முன்னமே போய்விடும். குளிர்நாட்டுப் பாறைகளில் வளரும் சில இலைக்கன்கள் ஆயிரக்கணக்கான வருடம் வாழ்வதாகக் கணிக்கிறார்கள். வட்டத்தின் விட்டத்தை அளந்து பாறை எப்போது பனியில் இருந்து வெளிப்பட்டது என்று கணக்கிடும் முறையே இருக்கிறது.

விண்வெளியிலும் இலைக்கன் தப்பியதாமே, அப்படியென்றால் அதுதானே பலசாலி?

தப்பியது உண்மை. 2005இல் இரண்டு இனங்களை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் இரண்டு கிழமை அளவில் வெளியே திறந்து வைத்தது, திரும்பி வந்து நனைத்ததும் ஒளித்தொகுப்புச் செய்தன. ஆனால் அங்கே அது வளரவில்லை, வெறுமனே பூட்டிக் கிடந்தது. அதே இலைக்கனைப் புகை நிறைந்த நகரத்தில் வைத்தால் செத்துப்போகலாம். பலசாலி யார் என்ற கேள்விக்குப் புள்ளி கிடையாது.

யாழ்ப்பாணக் கடலில் உரோமக் கடல்நாய் வாழுமா?

வாழாது. மத்தியகோட்டில் இருக்கும் கலபாகோஸ் தீவுகளில் ஓர் இனம் வாழ்கிறதே என்று ஒரு தங்கச்சி கேட்டார், நல்ல கேள்வி. அங்கே குளிர் நீரோட்டங்கள் வந்து மோதுகின்றன, அந்த இனம் உரோமக் கடல்நாய்களிலேயே சிறியது, வெயில் நேரம் பாறை நிழலில் பதுங்கிவிடும். நம் பக்கம் ஆழம் குறைந்த சூடான கடல். சித்திரை வெயிலில் அந்த உரோமத்தோடு பருத்தித்துறைக் கரையில் படுத்தால் நிலைமை என்னவாகும் என்று யோசியுங்கள்.

இந்தியக் கடைகளில் பிரியாணிக்கு விற்கும் கற்பாசி இலைக்கனா? வளவில் இருப்பதையும் போடலாமா?

கற்பாசி இலைக்கன்தான். செட்டிநாட்டுச் சமையலில் நிறையப் போடுவார்கள், நம் யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் அது வழக்கமில்லை. வளவில் இருப்பதைச் சுரண்டிப் போடவே வேண்டாம். எல்லா இலைக்கனும் சாப்பிடக் கூடியதல்ல, வட ஐரோப்பாவில் மஞ்சள் நிற இலைக்கன் ஒன்றை இறைச்சியில் கலந்து ஓநாய்களைக் கொன்றிருக்கிறார்கள். ஒப்படைக்குப் படம் எடுத்தால் போதும், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள், பட்டையைப் பெயர்த்துக்கொண்டு வகுப்புக்கு வராதீர்கள்.